ஊரிகம் பிளாட்பாரத்தில் பிரிந்த பச்சை நூல்

தங்க வயலுக்கு ரயில் வந்து சில வருஷங்களே ஆகியிருந்தன. அப்போது ஒரு கோடை விடுமுறையில், ஊரிகம் ரயில் நிலையத்தில் இது நடந்தது. நான் அந்தச் சமயம் வேலூருக்குப் பக்கத்தில் ஒரு மிஷன் பெண்கள் பள்ளிக்கூடத்தில் வாத்தியாரம்மாவாக இருந்தேன். என் வீட்டுக்காரருக்குத் தபாலாபீஸில் வேலை. வருஷத்துக்கு ஒரு தடவை இருவருக்கும் சேர்ந்தாற்போல் லீவு கிடைத்தால் எங்கேயாவது புறப்பட்டுவிடுவோம்.

எனக்கு ஒரு பைத்தியம் உண்டு. பள்ளிக்கூடத்துத் துரைசானியம்மா இரண்டு ஊசியை வைத்துக் கம்பளி பின்னக் கற்றுக்கொடுத்த நாளிலிருந்து என் கை சும்மா இருந்ததில்லை. எந்த ஊருக்குப் போனாலும் கோயில், கோட்டை எல்லாம் எனக்கு அப்புறம்தான். நூல் கடை எங்கே இருக்கிறது என்று முதலில் விசாரிப்பேன். சென்னைப் பட்டணத்தில் கடற்கரையைப் பார்க்காமல் திரும்பி வந்திருக்கிறேன். கம்பளி நூல் கடையைப் பார்க்காமல் திரும்பியதில்லை. மே மாதத்து வெயிலில், ஜன்னலோரம் அனல் அடிக்கும் ரயில் பெட்டியில், மடியில் கம்பளியைப் போட்டுக்கொண்டு பின்னும் என்னைப் பார்த்து எத்தனையோ பேர் சிரித்திருக்கிறார்கள். "இவள் பின்னிக் கொடுத்த காலுறையைப் போட்டுக்கொள்ள எனக்கு இமயமலைக்கு மாற்றல் வந்தால்தான் உண்டு" என்று என் வீட்டுக்காரரும் கூடச் சேர்ந்து சிரிப்பார்.

அந்த வருஷம் பெங்களூரில் இருந்த நாத்தனார் வீட்டுக்குப் போகிற வழியில், ஊரிகத்தில் என் தம்பி வீட்டில் சில நாள் தங்கினோம். தம்பி ஒரு சுரங்கத்தில் டைம் கீப்பர். எந்த ஷிப்டுக்கு யார் யார் உள்ளே இறங்கினார்கள், யார் யார் மேலே வந்தார்கள் என்று எழுதுகிற வேலை. வேலையோடு, வரிசையாகக் கட்டியிருந்த லைன் வீடுகளில் ஒன்றும் கொடுத்திருந்தார்கள். கல் இடிக்கிற மில்லின் சத்தம் ஓயாமல் கேட்டுக்கொண்டே இருக்கும். முதல் நாள் எனக்குத் தலைவலி வந்தது. மூன்றாம் நாள் அந்தச் சத்தம் இருப்பதே மறந்துபோயிற்று.

மறக்காதது நூல் கடை. "இங்க கம்பளி எங்கக்கா கெடைக்கும்? இது சுரங்கம் தோண்டற ஊரு" என்று தம்பி கைவிரித்துவிட்டான். நான் விடவில்லை. பஜாரில் துணிக்கடை, மளிகைக்கடை, விளக்குத் திரி விற்கிறவர் என்று ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டே போனேன். கடைசியில் திரி விற்றவர்தான் ஒரு லைன் வீட்டைக் கைகாட்டினார்.

அந்த வீட்டு வாசலில் ஒரு கட்டில். கட்டிலின் மேல் பொத்தான், ஊசி, நாடா, கூடவே ஒரு கூடை நிறையக் கம்பளி நூல் உருண்டைகள். எனக்குக் கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது, சந்தோஷத்தில்தான். கடைக்கார அம்மாளுக்கு என் வயதுதான் இருக்கும். அவர் வீட்டுக்காரர் சுரங்கத்துக்குள் வேலை செய்கிறவர். இவர் முன்பு ஒரு வெள்ளைக்காரக் காப்டன் பங்களாவில் ஆயாவாக இருந்தாராம். சுரங்கத்தில் மேலதிகாரிகளைக் காப்டன் என்றுதான் சொல்வார்கள். அந்தக் குடும்பம் சீமைக்குத் திரும்பியபோது மிச்சமிருந்த நூலையெல்லாம் இவருக்குக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அதைப் பார்த்து மற்ற பங்களாக்காரர்களும் ஊருக்குப் போகும்போது தங்கள் நூலை இவரிடமே விற்க ஆரம்பித்தார்கள். அப்படி வளர்ந்த கடை அது.

"எடுத்துப் பாருங்கம்மா, சும்மா பாருங்க. வாங்கினாத்தான் தொடணும்னு இங்க ஒண்ணும் சட்டம் கெடையாது" என்றார்.

தொட்டேன். பாசிப்பயறு நிறத்தில் ஒரு பச்சை. அந்த மாதிரிப் பச்சையைப் பட்டணத்தில்கூட நான் பார்த்ததில்லை. அந்த நிறத்தில் இருந்த உருண்டைகள் அத்தனையையும் வாங்கிக்கொண்டேன். பேச்சு நீண்டு, பின்னலில் கண்ணி நழுவாமல் எப்படி எடுப்பது என்று நான் அவருக்குக் காட்ட, அவர் எனக்கு ஒரு தம்ளர் ராகிக் கூழ் கொடுக்க, ஒரு சாயங்காலம் போனதே தெரியவில்லை. வீட்டுக்கு வந்ததும் என் வீட்டுக்காரர் ஒரு உருண்டையைக் கையில் தூக்கிப் பார்த்தார்.

"இதென்ன இப்படிக் கனக்கிறது?"

"சீமைக் கம்பளி. நல்ல கம்பளி என்றால் கனக்கத்தான் செய்யும்" என்று பெரிய நிபுணர் மாதிரி விளக்கம் சொன்னேன். அவரும் தலையாட்டிக்கொண்டார்.

புறப்படுகிற நாள் வந்தது. தம்பி எங்களை ரயிலேற்ற வந்திருந்தான். தங்க வயலிலிருந்து வெளியே போகிறவர்களின் மூட்டை முடிச்சைச் சோதிக்கிற வழக்கம் உண்டு. சோற்று மூட்டைக்குள்ளும் கொண்டைக்குள்ளும்கூடத் தங்கம் ஒளித்துக் கொண்டுபோன கதைகளைத் தம்பி ஏற்கனவே சொல்லியிருந்தான். அதனால் காவல் ஜமேதார் எங்கள் பெட்டியைத் திறக்கச் சொன்னபோது எனக்கு வேடிக்கையாகத்தான் இருந்தது. புடவைகளைத் தள்ளினார். பைபிளை எடுத்து மரியாதையாக ஓரமாக வைத்தார். நூல் உருண்டை ஒன்றை எடுத்து அமுக்கினார். மறுபடியும் அமுக்கினார்.

"உள்ள இன்னாம்மா கீது?"

"கம்பளிங்க. கம்பளிக்குள்ளே கம்பளிதான் இருக்கும்."

"கெட்டியா கீதே?"

அவர் உருண்டையைப் பிரிக்க ஆரம்பித்தார். பச்சை நூல் அவர் காலடியில் விழுந்து, காற்றில் பறந்து, பெஞ்சைச் சுற்றி, சுமைகூலி ஒருவர் கழுத்தில் மாலையாக விழுந்தது. பிளாட்பாரத்தில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பு நடுவிலேயே நின்றுபோயிற்று. ஏனென்றால் நூல் தீர்ந்ததும் ஜமேதாரின் உள்ளங்கையில் ஒரு கல் இருந்தது. வெள்ளைக் கல். அதன் ஒரு பக்கம் முழுக்க மஞ்சள் மஞ்சளாக மின்னிற்று.

மில் சத்தம் எனக்குத் திரும்பக் கேட்டது.

தம்பியின் முகத்தைப் பார்த்தேன். வெளுத்துப்போயிருந்தது. டைம் கீப்பரின் அக்கா பெட்டியில் தங்கக் கல் என்றால் என்ன ஆகும் என்று அவனுக்குத் தெரியும். வேலை போகும், வீடு போகும், வயலை விட்டே துரத்திவிடுவார்கள். நான் ஜெயிலுக்குப் போவது தனி.

"இது எங்க வாங்கினது?" என்று கேட்டார் ஜமேதார். இப்போது அவர் குரலே மாறிவிட்டிருந்தது.

"கடையில்" என்றேன்.

"எந்தக் கடை?"

வாய் வரைக்கும் வந்தது. ஆனால் வெளியே வரவில்லை. அந்த அம்மாள் தெரிந்துதான் வைத்தாரா, தெரியாமல் வைத்தாரா, எனக்கு ஒன்றும் புரியவில்லை. நான் அந்த வீட்டைச் சொன்னால் அடுத்த நிமிஷம் காவலர்கள் அங்கே போய் நிற்பார்கள். சொல்லாவிட்டால் என் தம்பி. "அக்கா, சொல்லிடுக்கா" என்று அவன் மெதுவாகக் கெஞ்சினான். என் வீட்டுக்காரர் மட்டும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "யோசித்துச் சொல்லட்டும், அவசரப்படுத்தாதீர்கள்" என்றார்.

நாங்கள் போக வேண்டிய ரயில் ஊதிவிட்டு, எங்களை விட்டுவிட்டுக் கிளம்பிப் போனது.

சுரங்கத்து வெள்ளைக்காரக் காப்டன் ஒருவர் வரட்டும் என்று எங்களைப் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். மற்ற உருண்டைகளையும் பிரித்தார்கள். எல்லாவற்றுக்குள்ளும் கல். மின்னியது அந்த முதல் கல் ஒன்றுதான் என்றாலும், "பாத்தீங்களா, எல்லாத்திலயும் வச்சிகீறாங்க" என்று ஜமேதார் இன்னும் உறுதியாகிவிட்டார். பிளாட்பாரம் முழுக்கப் பச்சை நூல் தோட்டத்துக் கொடி மாதிரி பரவிக் கிடந்தது. எனக்கு அழுகை வந்தது. அதில் பாதி பயத்துக்கு, பாதி அந்த நூல் மண்ணில் புரள்வதைப் பார்த்து.

அப்போதுதான் நிலையத்து வாசலில் ஒரு சலசலப்பு. தலையில் கூடையோடு கடைக்கார அம்மாள் வேகவேகமாக வந்துகொண்டிருந்தார். கையெல்லாம் ராகி மாவு. கரைத்துக்கொண்டிருந்ததை அப்படியே போட்டுவிட்டு வந்திருக்கிறார். ஸ்டேஷனில் பச்சைக் கம்பளிக்குள் கல் அகப்பட்டது, எந்தக் கடை என்று சொல்ல மாட்டேன் என்கிற ஒரு வெளியூர் அம்மாவைப் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று தெருவில் யாரோ பேசிக்கொண்டு போனது அவர் காதில் விழுந்திருக்கிறது.

நேரே ஜமேதார் முன்னால் போய் நின்றார்.

"ஐயா, அது என் கடை நூலு. கல்லு நான்தான் வச்சேன்."

"நீ இன்னா பேசறேன்னு தெரிஞ்சுதான் பேசறியா?"

"தெரியுதுங்க. அவங்க ஊருக்குப் போறவங்க, அவங்கள வுடுங்க. கேக்கறத என்னைக் கேளுங்க."

அப்புறம் கூடையை அப்படியே பிளாட்பாரத்தில் கவிழ்த்தார். சிவப்பு, நீலம், சாம்பல் என்று உருண்டைகள் ஓடின. ஒன்றை எடுத்து அவரே பிரித்தார். உள்ளே ஒரு கல். இன்னொன்று. அதிலும் கல்.

"எங்க லைன்ல அடிக்கற காத்துதான் உங்களுக்குத் தெரியுமே. நூலு உருண்டு உருண்டு ரோட்டுக்கு ஓடிப்போவுது. தெருக்கோடி வரைக்கும் தொரத்திக்கினு ஓடினு கீறேன். அதான் உள்ள கல்லு வச்சு சுத்தினேன். கல்லுக்கு இந்த ஊர்ல பஞ்சமா? வாசல்ல கெடந்தத எடுத்து வச்சேன். மின்னுதா மின்னலையான்னு நான் இன்னாத்தக் கண்டேன்?"

ஜமேதார் கல்லையும் அந்த அம்மாளையும் மாறி மாறிப் பார்த்தார். எனக்கோ, இவர் எதற்காக வந்து மாட்டிக்கொள்கிறார் என்றுதான் இருந்தது. தம்பி தலையைக் குனிந்துகொண்டான்.

காப்டன் வந்தார். பூட்ஸெல்லாம் சேறு, இப்போதுதான் சுரங்கத்திலிருந்து மேலே வந்தவர் மாதிரி. ஜமேதார் சல்யூட் அடித்து, இரண்டு கையாலும் அந்தக் கல்லை நீட்டினார். காப்டன் அதை வெயிலில் திருப்பிப் பார்த்தார். தண்டவாளத்தில் வேலை செய்துகொண்டிருந்தவரிடம் சுத்தியலை வாங்கினார். கல்லைப் பிளாட்பாரத்து ஓரத்தில் வைத்து ஓங்கி ஒரு அடி.

மஞ்சளாக மின்னியதெல்லாம் பொலபொலவென்று உதிர்ந்து கறுப்புத் தூளாகிவிட்டது. தீக்குச்சி கிழித்த மாதிரி ஒரு வாசனை வந்தது. காப்டன் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு சிரித்தார்.

"தங்கம் இல்லே! சும்மா கல்லு! தங்கம் அடிச்சா தூள் ஆகாது, தகடு ஆகும்" என்று தன் தமிழில் சொன்னார். இப்படி மினுக்கி ஏமாற்றுகிற கல் சுரங்கத்தில் வண்டி வண்டியாக வருமாம். தூக்கி எறிகிற குப்பையில் எல்லாம் அது கிடக்குமாம்.

அந்த நிமிஷத்தில் பிளாட்பாரத்தில் எழுந்த சத்தத்தை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். திருவிழாவில் தேர் நிலைக்கு வந்த மாதிரி ஒரு ஆரவாரம். தம்பி என்னைக் கட்டிக்கொண்டான். சிறு வயதுக்குப் பிறகு அவன் அப்படிச் செய்தது அதுதான் முதல் தடவை.

அதற்குப் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. தரையெல்லாம் பிரிந்து கிடந்த நூலைப் பார்த்தார் காப்டன். ஜமேதாரைப் பார்த்தார். "சுத்து" என்றார் ஒரே வார்த்தையில். ஜமேதார் முண்டாசைச் சரிசெய்துகொண்டு குந்தி உட்கார்ந்து நூலைச் சுற்ற ஆரம்பித்தார். சுமைகூலிகள் ஆளுக்கொரு முனையைப் பிடித்தார்கள். அடுத்த ரயிலுக்குக் காத்திருந்த பெண்கள் வந்து சேர்ந்துகொண்டார்கள். காப்டனும் சும்மா இருக்கவில்லை. ஒரு நீல நூலை எடுத்துக் கட்டைவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் நடுவே எட்டு வடிவமாகச் சுற்றி, மளமளவென்று அழகான உருண்டை செய்தார். எல்லோரும் வாயைப் பிளந்து பார்த்தோம். அவர் சொன்னதைத் தம்பி தமிழில் சொன்னான். அவர் ஊர் கடலோரத்து ஊராம். மீன் பிடிக்கப் போகிறவர்களுக்கு அவர் அம்மா கம்பளிச் சட்டை பின்னுவாராம். நூல் சுற்றுவது இவர் வேலையாம்.

ஜமேதார் சுற்றிய உருண்டை மட்டும் கல்லே இல்லாமல் கல் மாதிரி இறுகிப்போயிருந்தது. பெங்களூர் போய் அதைப் பிரிக்க எனக்கு அரை நாள் ஆயிற்று.

அன்று ரயில் போய்விட்டதால் தம்பி வீட்டிலேயே தங்கினோம். சாயங்காலம் கடைக்கார அம்மாளைப் பார்க்கப் போனேன். விட்டுவந்த மாவை மறுபடி கரைத்துக் களி கிண்டிக்கொண்டிருந்தார். கேட்க நினைத்ததை நேராகவே கேட்டேன்.

"நான் உங்க பேரைச் சொல்லவே இல்லையே. நீங்க வராம இருந்திருக்கலாமே. அது நிஜமாவே தங்கமா இருந்திருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

கிண்டுவதை நிறுத்தாமலே பதில் சொன்னார்.

"இன்னாம்மா இப்படிக் கேக்கறீங்க? நீங்க சொல்லலைன்னு கேட்டப்புறம்தான் எனக்கு வூட்ல நிக்கவே முடியல. தங்கமா இருந்தா மட்டும் அது உங்க தப்பா ஆயிடுமா? வச்சது என் கையி. பயமா இல்லியான்னு கேளுங்க, வழியெல்லாம் முழங்காலு வெடவெடன்னு ஆடுச்சு. ஆடினா ஆடட்டும், நடக்க முடியுதில்லன்னு வந்துட்டேன். சரி, உக்காருங்க, களி சாப்ட்டுப் போங்க."

சாப்பிட்டேன். கருவாட்டுக் குழம்போடு அவ்வளவு ருசியான களியை அதற்குப் பிறகு நான் சாப்பிட்டதில்லை. கிளம்பும்போது, இனிமேல் கல்லுக்குப் பதிலாகத் துணிச் சுருள் வைத்துச் சுற்றப்போவதாகச் சொன்னார். காற்றுக்குப் பறந்தால் பறக்கட்டுமாம், துரத்திக்கொண்டு ஓடினால் உடம்புக்கு நல்லதாம்.

அந்தப் பச்சைக் கம்பளியில் தம்பியின் முதல் குழந்தைக்குப் போர்வை பின்னிக் கொடுத்தேன். இப்போதும் எல்லாக் கோடையிலும் ஏதாவது ஒரு ஊரின் நூல் கடையில் உட்கார்ந்து நேரம் போக்குகிறேன்; என் வீட்டுக்காரர் வாசலில் நின்று அலுத்துக்கொள்கிறார். ஆனால் என் வாழ்க்கையில் ஒன்று மாறிவிட்டது. யாரோ ஒருவர் தன்னுடையதல்லாத பழிக்குத் தனியாக நிற்பதைப் பார்க்கிறபோது, நமக்கெதற்கு என்று ஒதுங்கிக்கொள்ள எனக்கும் ஆசை வராமல் இல்லை. அப்போதெல்லாம் முழங்கால் ஆட ஆட நடந்து வந்த அந்த அம்மாளை நினைத்துக்கொள்வேன்; பயம் போகிற வரைக்கும் காத்திருக்க வேண்டியதில்லை, பயத்தோடேயும் போய் நிற்கலாம் என்று என் கால்களுக்கும் புரிந்துவிடும்.