முள்ளோடையில் கழற்றாத ஹெல்மெட்

ஞாயிறு காலை ஏழு பத்துக்குக் கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் வீட்டு வாசலில் ஸ்கூட்டரைக் கிளப்பினேன். பின்னால் என் வீட்டுக்காரர். அவர் தலையில் ஒரு ஹெல்மெட், என் தலையில் ஒன்று, காலடியில் இருந்த பையில் புதிதாக வாங்கிய மூன்றாவது. முந்தானையை இடுப்பில் இறுக்கிச் செருகிக்கொண்டேன். சக்கரத்தில் முந்தானை சிக்கி விழுந்த இரண்டு பேரை எனக்கே தெரியும்.

போக வேண்டிய இடம் தவளக்குப்பம். பதினான்கு கிலோமீட்டர். இதற்கு ஒரு பயணக் கட்டுரையா என்று நீங்கள் சிரிக்கலாம். இந்தப் பதினான்கு கிலோமீட்டரை மறுபடி போய்ப் பார்க்க எங்களுக்கு ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது.

போன வருஷம் தை மாதம் புதுச்சேரி டவுனில் என் நாத்தனார் மகன் கல்யாணம். என் வீட்டுக்காரர் வண்டி ஓட்ட, நான் பின்னால் உட்கார்ந்து போனேன். தவளக்குப்பத்தில் நின்றிருந்த பஸ்ஸை இடதுபக்கமாகத் தாண்டப் பார்த்தார். படியிலிருந்து ஓர் அம்மா இறங்க, இவர் பிரேக்கை அழுத்த, ஓரத்து மணலில் வண்டி வழுக்கியது. எனக்கு முழங்கை சிராய்ப்பு. அவருக்குத் தலையில் அடி. ஹெல்மெட்டோ பத்திரமாக என் மடியில் இருந்தது.

மூன்று மாதம் அவருக்குப் பேச்சு வரவில்லை. இப்போது பேசுகிறார், ஒவ்வொரு சொல்லாக. இடது கைக்கு மட்டும் இன்னும் பலம் வரவில்லை. ஸ்கூட்டர் ஓட்ட நான் கற்றுக்கொண்டதே அதற்குப் பிறகு, நாற்பத்தொன்பது வயதில். மைதானத்தில் என்னைப் பார்த்துச் சிரிக்காத ஆள் இல்லை. நான் அதிகம் விழுந்தது அந்தச் சிரிப்பைத் திரும்பிப் பார்த்தபோதுதான்.

ஏழு நாற்பது. தென்பெண்ணைப் பாலமும் ரெட்டிச்சாவடியும் தாண்டி முள்ளோடை. இங்கே தமிழ்நாடு முடிந்து புதுச்சேரி தொடங்குகிறது. கோடு எதுவும் போட்டிருக்கவில்லை. ஆனால் கோடு எங்கே என்று கண்ணால் பார்க்கலாம். வருகிற மோட்டார் சைக்கிள்களெல்லாம் வேகம் குறைந்து, ஹெல்மெட்டுகள் தலையிலிருந்து இறங்கி, முழங்கைக்கும் பெட்ரோல் டேங்குக்கும் போகும். எதிர்ப்பக்கம் போகிறவர்கள் அதே இடத்தில் மாட்டிக்கொள்வார்கள். எங்கள் ஊர்ப்பக்கம் போலீஸ் பிடிக்கும், இந்தப்பக்கம் அவ்வளவாகக் கேட்கமாட்டார்கள் என்பது எங்களுக்குப் பால்குடி வயதிலிருந்து தெரிந்த சங்கதி. தலை என்னவோ இரண்டு பக்கமும் ஒரே தலைதான்.

டீ குடிக்க நிறுத்தினேன். டீ பன்னிரண்டு ரூபாய். வண்டியை விட்டு இறங்கியதும் அவருடைய வலது கை தானாக மோவாய்க்குக் கீழே போய் ஹெல்மெட் வாரைத் தேடியது. அந்த நாள் அவருக்குச் சுத்தமாக நினைவில்லை. கைக்கு மட்டும் முள்ளோடை நினைவிருக்கிறது.

ஒரு வருஷமாக யாரிடமும் சொல்லாததை அந்த டீக்கடை வாசலில் சொன்னேன்.

"ஏங்க, அன்னிக்கி நாந்தான் கழட்டச் சொன்னேன். முந்தின நாளு தலைக்கு டை அடிச்சிருந்தீங்க. போட்டோ எடுப்பாங்க, முடி அமுங்கிடும், முள்ளோடைதான் வந்துடுச்சே, கழட்டுங்கன்னு சொன்னேன்."

அவர் டீயை மெதுவாகக் குடித்து முடித்தார். பிறகு வலது கையைத் தூக்கிக் காட்டினார்.

"கழட்டுனது... இந்தக் கை. இது... என்துதானே."

அவ்வளவுதான் சொன்னார். நான் அழுதேன். டீக்கடைக்காரர் எங்களுக்குள் சண்டை என்று நினைத்துக்கொண்டு இன்னொரு டீ போட்டுக் கொடுத்தார். அதற்குக் காசு வாங்கவில்லை.

எட்டு பத்துக்குத் தவளக்குப்பம். கடலூர் சாலை இங்கே சந்தைக்கடை போல நெரியும். பஸ் நின்றால் அதன் பின்னாலேயே நின்றேன். பின்னாலிருந்து ஹாரன் அடித்தவருக்குக் காது கேளாதவள் ஆனேன். சந்திப்பைத் தாண்டினால் ஏழுமலையின் பஞ்சர் கடை. அன்றைக்கு ஓடி வந்தவர் இவர்தான். சோடா வாங்கி வந்தவரைத் தடுத்தார். கையைப் பிடித்துத் தூக்கி உட்காரவைக்கப் போனவர்களை அதட்டினார். தன் கடைப் பலகையைக் கொண்டுவந்து, தலையும் கழுத்தும் அசையாமல் அதில் கிடத்தி, ஒரு டெம்போவை மறித்து ஏற்றினார். வழியெல்லாம் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டே வந்தார். அப்படிக் கொண்டுவந்ததால்தான் என் வீட்டுக்காரர் பிழைத்தார் என்று டாக்டர் சொன்னார்.

எங்களைப் பார்த்ததும் டியூபைத் தண்ணீரிலேயே போட்டுவிட்டு எழுந்து வந்தார்.

"அண்ணே! நடந்து வர்றீங்களா! யக்கா, இத்தினி நாளு தகவலே இல்லியே, நான் என்னென்னமோ நெனைச்சிட்டேன்."

அன்றைக்குச் செய்ததெல்லாம் எங்கே கற்றீர்கள் என்று கேட்டேன்.

"சேதராப்பட்டுல ஒரு கம்பெனியில இருந்தேன்கா. அடிபட்டவங்கள எப்பிடித் தூக்கணும்னு அங்க ஒருநாளு கிளாஸ் எடுத்தாங்க. நான் பாதி தூங்கிட்டேன். முழிச்சிருந்த பாதி அண்ணனுக்கு ஒதவிச்சி."

தட்டை எடுத்து வைத்தேன். வெற்றிலை பாக்கு, ஒரு சீப்பு வாழைப்பழம், வேட்டி, அதன் மேல் ஹெல்மெட். அவர் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "வேட்டிய வச்சிக் குடுப்பாங்க, பாத்திருக்கேன். இத இப்பத்தான் பாக்குறேன்." ஏழுமலை பக்தியோடு வாங்கி, கடைக்குள் சாமி படத்துக்குப் பக்கத்து ஆணியில் மாட்டினார்.

"அங்க மாட்டுறதுக்கா வாங்கியாந்தேன்?" என்றேன்.

"நான் எங்கக்கா போறேன்? வூடு பூரணாங்குப்பம். இதோ, பக்கத்துலதான்."

என் வீட்டுக்காரர் பெஞ்சிலிருந்து வாயைத் திறந்தார். எல்லாரும் காத்திருந்தோம்.

"நானும்... பக்கத்துலதான்... போனேன்."

ஏழுமலை சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. பழையபடி டியூபை எடுத்துத் தண்ணீரில் அமுக்கினார்.

ஒன்பதரைக்கு மிச்சமிருந்த எட்டு கிலோமீட்டரையும் முடித்துவிடக் கிளம்பினோம். அரியாங்குப்பம், முருங்கப்பாக்கம், பிறகு டவுன். போன வருஷம் நாங்கள் வந்துசேராத கல்யாண மண்டபத்தின் வாசலில் வண்டியை நிறுத்திப் பார்த்தோம். பூட்டியிருந்தது. அங்கிருந்து கடற்கரைக்குப் போனோம். வெள்ளைக்காரத் தெருக்களில் நீலப் பலகையில் பிரெஞ்சுப் பெயருக்குக் கீழே தமிழிலும் எழுதியிருந்ததை ஒவ்வொன்றாக எழுத்துக் கூட்டி வாசித்தார். பேச்சு வந்த நாளிலிருந்து எந்தப் பலகையையும் அவர் விடுவதில்லை. ஒவ்வொரு பலகைக்கும் நான் வண்டியை நிறுத்தினேன். அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டு நிற்பதைவிட எனக்கு வேறென்ன சுற்றுலா வேண்டும்?

மாலை நான்கு மணி. முள்ளோடையில் சாராயக் கடைகளுக்குக் கூட்டம் சேர்வதற்குள் தாண்டிவிட வேண்டும் என்று முன்னமே கணக்குப் போட்டிருந்தேன். தவளக்குப்பத்தில் சொல்லிக்கொள்ள நின்றோம். வீட்டுக்கு வந்தவர்களை எல்லை வரை வந்து அனுப்புவதுதான் முறை என்று ஏழுமலை தன் மோட்டார் சைக்கிளைக் கிளப்பினார். தலையில் ஹெல்மெட். வார் மட்டும் இரண்டு பக்கமும் தொங்கியது. என் வீட்டுக்காரர் தன் மோவாயைத் தொட்டுக் காட்டினார். ஏழுமலை வெட்கப்பட்டுக்கொண்டு மாட்டினார். 'டக்' என்று கேட்டது.

முள்ளோடையில் ஏழுமலையின் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னேன். ஒரு வருஷமாகச் சேர்த்துவைத்த பேச்செல்லாம் அந்த ஒரு சொல்லுக்கு மேல் வரவில்லை. "பாத்துப் போங்கக்கா" என்று வண்டியைத் திருப்பினார்.

எங்களைச் சுற்றி ஊர் திரும்புகிறவர்கள் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டிருந்தார்கள். எதிர்ப்பக்கம், புதுச்சேரிக்குள் நுழைகிறவர்கள் வரிசையாகக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கூட்டத்தோடு ஏழுமலையும் கலந்தார். இந்த இடத்தில் அவர் கையும் மோவாய்க்குப் போகுமோ என்று வண்டியைக் கிளப்பாமல் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே இருந்தேன். போகவில்லை. வெறுந்தலைகளுக்கு நடுவே மூடிய தலை ஒன்று தவளக்குப்பம் பக்கமாகச் சின்னதாகிக்கொண்டே போனது.

"போயிட்டாரு... கழட்டல" என்றார் பின்னாலிருந்து என் வீட்டுக்காரர். அவரும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.