ராக்காயி நிரையின் எட்டுக்கால் சாட்சி

ராகலைக்கு மேலே எங்கள் தோட்டத்தில் ராக்காயி அக்கா கொழுந்து எடுக்கிற வேகத்துக்குத் தேயிலைச் செடியே பயந்து இரண்டு அங்குலம் பின்னால் சாயும். மூன்று அங்குலம் என்பவர்கள் புளுகுகிறார்கள். லொறி ரோட்டை ஒட்டிய செடி வரிசைதான் அக்காவின் நிரை. இருபத்தாறு வருசமாக வேறு ஆள் அதில் கை வைத்ததில்லை.

இந்தப் பெப்ரவரி வெயிலில் அந்த நிரையின் முற்றிய இலைகள் மட்டும் செம்புக் கலராய் மாறின. தோட்டத்து வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கு சுதாகரன் வந்து பார்த்தார். பார்த்தார் என்பது சும்மா சொல்வது. மோட்டார் சைக்கிளை விட்டு இறங்கவே இல்லை. மறுநாள் ஒரு கடதாசியோடு வந்தார். உரத்தை வேரில் போடாமல் இலைமேல் கொட்டிச் செடியைக் கருக்கியது தான்தான் என்று அக்கா ஒப்புக்கொள்வதாக அதில் எழுதியிருந்தது. கைநாட்டு வைத்தால் நிரை போகும். அக்கா புல் வெட்டுகிற கூட்டத்துக்குப் போக வேண்டும்.

"நான் கொட்டலீங்கய்யா."

"அப்ப வானத்துலருந்தா கொட்டுச்சு?"

"எங்கருந்து வந்துச்சுன்னு பாத்துட்டு எழுதுங்க. பாக்காம எழுதுன கடதாசிக்கு என் வெரலு கெடைக்காது."

"நாளைக்குப் பெரட்டுல வைக்கிற. இல்லைன்னா பெரிய தொரைக்கிட்டப் போகும்."

பெரட்டு என்றால் காலையில் எல்லாரும் கூடி, யாருக்கு எங்கே வேலை என்று கேட்கிற இடம்.

அன்று மத்தியானம் பக்கத்து நிரை ஜீவராணி தன் போனில் இலையைப் படம் பிடித்துப் பெருசாக்கினாள். சின்னப் புள்ளி பெரிய புள்ளியானது. இன்னும் பெருசாக்கினால் பூசணிக்காய் அளவுப் புள்ளி. உள்ளே என்ன இருக்கிறது என்று மட்டும் தெரியவில்லை.

வேலை முடிந்ததும் அக்கா பத்து இலையோடு பள்ளிக்கூடத்துக்குப் போனார். விஞ்ஞானம் படிப்பிக்கிற கேதீஸ்வரி டீச்சர் யாழ்ப்பாணத்துப் பிள்ளை. அவரிடம் சின்னதைப் பெருசாக்கிக் காட்டுகிற நுணுக்குக்காட்டி இரண்டு இருந்தன. முதலாவதில் ஒரு குழாய், அடியில் ஒரு கண்ணாடி. இலையை வைத்து அக்காவைப் பார்க்கச் சொன்னார்.

"ஒரே இருட்டு டீச்சர். கரண்டு போயிருச்சா?"

"இல்லையம்மா. இதுக்குக் கீழயிருந்து வெளிச்சம் வரவேணும். தடிச்ச இலைக்குள்ளால வெளிச்சம் வராது. மெல்லிசாச் சீவின சாமான்தான் இதில தெரியும்." டீச்சர் வெங்காயத் தோலை உரித்து, ஒரு சொட்டு மருந்துச் சாயம் விட்டு வைத்தார். "இப்ப பாருங்கோ. இதுகள்தான் கலங்கள். ஒவ்வொண்டுக்க இருக்கிற பொட்டு, கரு."

"அட, நாங்க இருக்குற லயத்து வீடுக டீச்சர்! செவுத்தோட செவுரு ஒட்டிக் கட்டியிருக்கு. ஆனா ஒரு காம்பராவுக்கு ஒரே ஒரு ஆளா? குடுத்து வச்ச வெங்காயம்!"

இரண்டாவதற்கு இரண்டு கண். வெளிச்சம் மேலேயிருந்து விழும். சீவாமல் கீறாமல் முழு இலையையே வைக்கலாம். டீச்சர் குனிந்து குனிந்து தேடினார். பத்து இலையும் பளபளவென்று இருந்தன.

"அம்மா, கழுவினனீங்களோ?"

"பின்ன? படிச்ச புள்ளைக்கிட்ட அழுக்கோடயா கொண்டாறது? பீலித் தண்ணியில ரெண்டு தடவ அலசி, சீலையில தொடச்சுல்ல கொண்டாந்தேன்."

"அதில இருந்ததெல்லாம் தண்ணியோட போயிட்டுது!"

அக்கா தலையில் அடித்துக்கொண்ட சத்தம் நுவரெலியாவில் கேட்டிருக்கும். "இதைவிடப் பெரிய மிஷின் இருக்கா டீச்சர்?"

"இலத்திரன் நுணுக்குக்காட்டி எண்டு இருக்கு. வெளிச்சத்துக்குப் பதிலா இலத்திரன் எண்ட மின்துகளாலதான் பாக்கிறது. ஒரு பூச்சின்ர கால்ல இருக்கிற மயிர்கூட மரம்மாதிரித் தெரியும். ஆனா உயிரோட வைக்கேலாது. காயவைச்சு, மேல மெல்லிசாத் தங்கம் பூசுவினம்."

"பூச்சிக்குத் தங்கமா? என் காதுல வேப்பங்குச்சி கெடக்கு. வேணாம் டீச்சர், உசுரோடயே காட்டணும். இந்த ரெண்டு கண்ணுக்காரன் பெரட்டுக்கு வருவானா?"

டீச்சர் எழுந்தார். அனுமதி கேட்டு அதிபரிடம் போனார்.

காலையில் ஆட்டோவில் டீச்சர் வந்து இறங்கினார். மடியில் நுணுக்குக்காட்டி, கைக்குழந்தை மாதிரிச் சால்வைக்குள். பெரட்டுக் களத்து மேசையில் வெயில் விழுகிற பக்கம் வைத்தார்.

"ஐயா, எலைய நீங்களே ஆயுங்க," என்றார் அக்கா. "நான் தொட்டா உரம்னுவீங்க."

எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சுதாகரனுக்கு வேறு வழியில்லை. ரோட்டோரம் போய் ஒரு இலையைக் கிள்ளி வந்தார். கொழுந்தெடுக்கிற கூட்டத்திலிருந்து பேச்சியம்மா முதலில் எட்டிப் பார்த்து ஓரடி துள்ளினாள்.

"ஆத்தே, நண்டு! செவப்பு நண்டு நடக்குது!"

"சிவப்புச் சிலந்திப் பேன்," என்றார் டீச்சர். "எட்டுக் கால். இலைச்சாறை உறிஞ்சும், அதாலதான் செம்பு நிறம். ரோட்டுப் புழுதியும் வெயிலும் இதுக்கு நல்லாப் பிடிக்கும். உரத்துக்குக் கால் முளைக்காது."

ஒவ்வொருத்தியாய்க் குனிந்தார்கள். கண்டாக்கு மட்டும் தள்ளி நின்றார்.

"எனக்கு இதெல்லாம் பாக்க நேரமில்ல. கைநாட்ட வையி."

"எழுத நேரம் இருந்துச்சுல்ல? பாத்துட்டுப் பேசுங்கய்யா." அக்கா கூடையை இறக்கித் தரையில் வைத்தார். ஜீவராணி வைத்தாள். பேச்சியம்மா வைத்தாள். நாற்பது கூடையும் தரைக்கு வந்தன. மலைக்குப் போக ஒரு கால்கூட அசையவில்லை.

சுதாகரன் குனிந்தார். நிமிரப் பத்து வருசம் ஆனது.

"இது இன்னைக்குத்தான் வந்திருக்கும்."

"முட்ட போட்டு, நூல் கட்டி, குடும்பம் நடத்துது. இன்னைக்கு வந்துச்சாம்!" என்றாள் ஜீவராணி.

சிரிப்பு அடங்குமுன் சுதாகரன் கடதாசியை மடித்துச் சட்டைப் பைக்குள் வைக்கப் பார்த்தார்.

"மடிக்காதீங்கய்யா. கிழிங்க."

"பெறகு பாக்கலாம்."

"பெறகு வேணாம். எந் தப்பு இல்லைன்னு கண்ணாலயே பாத்துட்டீங்க. கிழிங்க."

அவர் இரண்டாய்க் கிழித்தார். அக்கா கையை நீட்டி இரண்டு துண்டையும் வாங்கினார். நான்காக்கி, எட்டாக்கிக் கூடைக்குள் போட்டார். "மருந்தடிக்க ஆள் அனுப்புங்க. அடிக்கிற நாள முன்னாடியே சொல்லிரணும்," என்று சொல்லிவிட்டு, எங்கே வேலை என்று அவரைக் கேட்காமலே தன் நிரைக்கு ஏறினார்.