காயிலக்கா விமானத்தை எடைபோட்ட விதம்

கடைத்தெருவில் கருகிப்போகிற மின்விசிறிகளில் பாதிக்கு மேல் காயிலக்காவின் மடியில்தான் மறுபிறவி எடுக்கும். வெந்துபோன செப்புக் கம்பியை உருவி எறிந்துவிட்டு, புதுக் கம்பியைச் சுற்று எண்ணிக்கை பிசகாமல் சுற்றுவாள்; இப்படிக் காயில் கட்டியே வந்த பெயர் அது. இருபத்தாறு வருஷத்தில் ஒரு தடவைகூடத் தப்பு நேர்ந்ததில்லை என்று அவளே சொல்வதால் நாமும் நம்பித்தான் ஆகவேண்டும். ஷாக் அடித்தால் "சீ, போ" என்பாள். அப்பேர்ப்பட்டவளுக்கு உலகத்தில் ஒரே ஒரு பயம்: விமானம்.

அந்தப் பயம் இத்தனை நாளும் யாருக்கும் இடைஞ்சலில்லாமல் ஒரு மூலையில் படுத்திருந்தது. கடல் தாண்டி இருந்த தங்கைக்கு முதுகெலும்பில் ஆபரேஷன் என்றதும் எழுந்து சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டது. தங்கையின் கணவர் சரக்குக் கப்பலில் வேலை. கரைக்கு வர இன்னும் மூன்று மாதம். கூட இருக்க ஆளில்லை என்று ஆஸ்பத்திரி இரண்டு முறை தள்ளிப்போட்டுவிட்டது. அதற்குள் அவளுக்கு இடது கால் மரத்துப்போகத் தொடங்கியிருந்தது.

"அக்கா, வர்ற வெள்ளிக்கிழமை. நீ வர்றேன்னு டாக்டர்கிட்ட சொல்லிட்டேன்."

"வராம எங்கடி போகப்போறேன்?" என்று போனை வைத்த காயிலக்கா, ஒரு சொம்புத் தண்ணீரை ஒரே மடக்கில் குடித்தாள்.

"தினம் எத்தனை பேர் பறக்கிறாங்க, எல்லாரும் விழுந்தா போயிட்டாங்க?" என்றார் வீட்டுக்காரர். ஊரார் வீட்டு உத்தரங்களில் விசிறி மாட்டுவது அவர் இலாகா.

"விழாததுக்குக் காரணம் சொல்லுங்க. ஏன் ஓடுதுன்னு தெரியாத மெஷின்ல நான் கை வச்சதில்ல. இப்ப முழு உடம்பையும் வைக்கச் சொல்றீங்க."

அந்த நேரம் பார்த்து பௌதிக வாத்தியார் தன் மேஜை விசிறியை வாங்கிப்போக வந்து மாட்டிக்கொண்டார். மாட்டிக்கொண்டது தெரியாமல் உற்சாகமாகவே ஆரம்பித்தார்.

"ரொம்ப எளிசும்மா. இறக்கையோட மேல்பக்கம் வளைவு, அதனால பாதை நீளம். மேல போற காத்தும் கீழ போற காத்தும் பின்னாடி ஒண்ணா போய்ச் சேரணும். அதுக்காக மேல் காத்து வேகமா ஓடுது. வேகமா ஓடினா அழுத்தம் குறையும். விமானம் மேல போயிடும்."

"ஏன் சார் ஒண்ணா போய்ச் சேரணும்?"

பதினெட்டு வருஷமாக இந்தப் பாடத்தை நடத்திய வாத்தியாரிடம் இதுவரை யாரும் இதைக் கேட்டதில்லை. "சேரணும்மா," என்றார்.

"அதுங்க என்ன புருஷன் பொண்டாட்டியா? நானும் இவரும் ஒரே வீட்டுலேருந்து கிளம்பி எந்தக் கல்யாணத்துக்கும் ஒண்ணா போய்ச் சேர்ந்ததில்ல."

வாத்தியார் விசிறியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு யோசனையோடு வெளியேறினார்.

வியாழன் காலை விமானம். புதன் மத்தியானம் காயிலக்கா பழைய பேப்பர் கடைக்குப் போய் ஸ்பிரிங் தராசை இரவல் வாங்கிவந்தாள். விசிறியின் தகடும் சாய்ந்து காற்றைக் கிழிக்கிறது. விமானத்தின் இறக்கையும் அதையேதான் செய்கிறது. ஓடும்போது கனம் குறைகிறதா என்று பார்த்துவிட்டால் தீர்ந்தது. உத்தரத்துக் கொக்கியில் தராசு, தராசில் விசிறி. நின்றபோது நாலரைக் கிலோ. ஸ்விட்சைப் போட்டாள். முள் கால் கிலோ ஏறியது.

"பாத்தீங்களா? சுத்தச் சுத்தக் கனக்குது! இது பறக்கும்னு எந்தப் பாவி சொன்னான்?"

தங்கையிடம் வரமுடியாது என்று சொல்லிவிட, போனை எடுத்தாள். எண்ணை அழுத்தும்போது நெற்றியிலிருந்து ஒரு சொட்டு வியர்வை போன் மேல் விழுந்தது. முழு வேகத்தில் ஓடும் விசிறிக்குக் கீழே உட்கார்ந்துமா வியர்க்கிறது? தரையில் கிடந்த காகிதத் துண்டு அசையவில்லை. மேலே ஒட்டடை மட்டும் தலைதெறிக்க ஆடிக்கொண்டிருந்தது.

அவசரத்தில் இரண்டு முனைகளை மாற்றி இணைத்துவிட்டிருந்தாள். விசிறி தலைகீழாகச் சுழன்று காற்றை மேலே வாரியடித்துக்கொண்டிருந்தது.

"இருபத்தாறு வருஷத்துல..." என்று வீட்டுக்காரர் ஆரம்பித்தார்.

"வாயத் திறந்தா தெரியும் சேதி."

முனைகளை மாற்றிப் போட்டாள். காற்று உச்சந்தலையில் இறங்கியது. காகிதம் வாசலைத் தாண்டி ஓடியது. முள் நாலரையிலிருந்து நாலுக்கு இறங்கி நின்றது. வேகத்தைக் குறைத்தாள், கனம் கூடியது. வேகத்தை ஏற்றினாள், கனம் குறைந்தது.

"காத்தை இது கீழ தள்ளுது, காத்து இதை மேல தள்ளுது. இவ்வளவுதானா? இதை நேரா சொன்னா என்னவாம்!"

சாயங்காலம் வாத்தியார் தானே வந்து, தராசுக் கதையை முழுசாகக் கேட்டுக்கொண்டார். முகம் வாடியிருந்தது. "புத்தகத்தையெல்லாம் புரட்டிட்டேம்மா. ரெண்டும் ஒண்ணா சேர்றதில்ல. மேல் காத்து முந்திக்கிட்டே வந்துடுது. மேல அழுத்தம் குறையறது நிஜம்தான். ஆனா அந்தக் காத்தும் வளைவை ஒட்டிக்கிட்டுக் கீழ்ப்பக்கமாத்தான் திரும்புது. நீங்க எடைபோட்டதும் அதேதான். பதினெட்டு வருஷப் பசங்களுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

"ஒருத்தனும் கவனிச்சிருக்க மாட்டான் சார். நிம்மதியா தூங்குங்க."

விமானத்தில் இறக்கைக்குப் பக்கத்து ஜன்னல்தான் வேண்டும் என்று பிடிவாதமாகக் கேட்டு உட்கார்ந்தாள். பயம் போய்விட்டதா என்றால், இல்லை. அவளோடு சேர்ந்து அதுவும் பெல்ட் போட்டுக்கொண்டது. இறக்கையின் பின்விளிம்பிலிருந்து தகடுகள் சரிந்து இறங்கின. காற்றை இன்னும் கீழே திருப்பத்தான் என்று பார்த்தவுடன் புரிந்தது. ஓட்டம் பிடித்தபோது கண்ணை மூடாமல் "தள்ளு, தள்ளு, கீழ தள்ளு" என்று முணுமுணுத்தாள். அடுத்திருந்தவர் ஏதோ ஜெபம் என்று மரியாதையாகத் தலைகுனிந்தார். சக்கரங்களின் தடதடப்பு சட்டென்று அடங்கியது.

வெள்ளிக்கிழமை, ஆஸ்பத்திரிப் படிவத்தில் 'கூட இருப்பவர்' என்ற இடத்தில் காயிலக்கா கொட்டை எழுத்தில் கையெழுத்துப் போட்டாள்.

"நெஜமாவே வந்துட்டியாக்கா?" என்றாள் தங்கை, தள்ளுபடுக்கையில் கிடந்தபடி.

"பின்ன, தபால்லயா வந்திருக்கேன்? பேசாம படுடி."

மறுநாள் காலை டாக்டர் போர்வையை விலக்கி, இடது கால் விரலை அசைக்கச் சொன்னார். பெருவிரல் தயங்கித் தயங்கி அசைந்தது. டாக்டர் சிரித்துவிட்டுப் போர்வையை இழுக்கப் போனார்.

"இருங்க டாக்டர், அவசரப்படாதீங்க," என்றாள் காயிலக்கா, கட்டில் ஓரத்தில் குனிந்து. "இன்னொரு தடவை அசைடி, நான் சரியா பாக்கல."