பழைய கார்டைப் பிடுங்கும் வேலை

கையில் இருக்கிற உருப்படியான பொருளைப் பிடுங்கிக்கொண்டு, பளபளவென்று ஒரு உதவாக்கரையைக் கொடுத்து, அதற்கு ‘தேங்க்ஸ்’ வேறு வாங்கிக்கொள்வதுதான் எங்கள் தொழில். நைட் ஷிப்ட் முடித்து நீங்கள் கண்ணசந்த நேரம் பார்த்து “வாழ்த்துகள் சார்!” என்று போனில் கத்துகிற பாவி இருக்கிறானே, அது நான்தான். திட்டியது போதும், கதையைக் கேளுங்கள். பழைய நீலக் கிரெடிட் கார்டுக்கு வட்டி குறைவு. அதை வைத்திருப்பவர்களைத் தங்கக் கலர் ரிவார்ட்ஸ் கார்டுக்கு மாற்ற வேண்டும். செலவு செய்தால் பாயிண்ட் கிடைக்கும். பாக்கி வைத்தால் வட்டி மூன்று மடங்கு. மாதம் முப்பது பேரை மாற்றினால்தான் நெய்வேலி டவுன்ஷிப் பேங்க் கிளையில் என் கான்ட்ராக்ட் ஓடும்.

சொகுசு அறை

புதுக் கார்டு இருந்தால் விமான நிலையத்தில் சொகுசு அறை இலவசம். தினமும் பஸ்ஸில் நின்றுகொண்டே சுரங்க வேலைக்கு வரும் ஒருவரிடம் இதை மூச்சுவிடாமல் ஒப்பித்தேன். முழுக்கக் கேட்டார், பாவம்.

“அதெல்லாம் இருக்கட்டும் சார், குறிஞ்சிப்பாடி பஸ்ல உக்கார சீட்டு கெடைக்குமா? அதச் சொல்லுங்க.”

கலர்

குவார்ட்டர்ஸில் இருக்கும் ஒரு பர்மனென்ட் ஊழியர் தங்கக் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வட்டி எவ்வளவு என்று கேட்பார், என்ன சொல்லி மழுப்பலாம் என்று தயாராக இருந்தேன். கேட்டால்தானே! அவர் கவலையே வேறு. என்ன பிறவிகளோ!

“கான்ட்ராக்ட் ஆளுங்களுக்கும் இதே கலர்தான் குடுப்பீங்களா? அப்ப எனக்கு எதுக்குங்க?”

முப்பதாவது ஆள்

மாதக் கடைசி. இருபத்தொன்பது பேர் ஆகிவிட்டது. மிச்சம் தனசேகர், சுரங்கத்தில் கான்ட்ராக்ட் தொழிலாளி. மகளின் நர்சிங் காலேஜ் பீஸை நீலக் கார்டில் கட்டிவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாக அடைத்துக்கொண்டிருந்தார். கார்டை மாற்றினால் அந்தப் பாக்கியும் புதுக் கார்டுக்குப் போகும், மூன்று மடங்கு வட்டியைக் கட்டவே சம்பளம் போய்விடும், அந்தப் பெண் படிப்பை விட்டுவிட்டு வீட்டில் உட்கார வேண்டியதுதான். மேனேஜரும் மனுஷன்தானே என்று நம்பி, வட்டி விஷயத்தைத் தனசேகரிடம் சொல்லிவிடட்டுமா என்று கேட்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

“கேக்காத கேள்விக்குப் பதில் சொல்ற ஆசை இருந்தா, நீ வாத்தியாரா போயிருக்கணும்.”

பர்ஸ்

மறுநாள் தனசேகர் மனைவி மேரியோடு வந்தார். பாயிண்ட் சேர்த்தால் குக்கர் கிடைக்கும் என்றதும் அந்த அம்மாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. வட்டியைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. வெட்கக்கேடுதான், ஒத்துக்கொள்கிறேன். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைக் காட்டிவிட்டு, டீக்காரருக்குக் காசு எடுக்கப் பர்ஸைத் திறந்தேன். உள்ளே இருந்த நீலக் கார்டு மேரி கண்ணில் பட்டுவிட்டது.

“எங்க கார்ட நீங்க ஏங்க வெச்சிக்கினு இருக்கீங்க?” என்றார்.

“ஐயோ, அது என்னோடதும்மா” என்று உளறிவிட்டேன்.

தனசேகர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். மேரி அவர் கையிலிருந்த பேனாவை வாங்கி, மூடி, என் பக்கம் தள்ளினார்.

“அப்ப எங்களுக்கும் அதுவே இருக்கட்டுங்க தம்பி. குக்கர நீங்களே எடுத்துக்கோங்க.”

அந்த மாதத்தோடு என் கான்ட்ராக்ட் முடிந்தது. அடுத்த வேலை கிடைக்கிறவரைக்கும் என் வீட்டில் அடுப்பெரிந்தது, ஊரெல்லாம் தூக்கிப் போடச் சொல்லிக் கத்தினேனே, அந்த நீலக் கார்டில்தான்.