தாய்மாமனுக்குத் தனிக்கட்டம்

மணிமொழி எனக்கு மகள் முறை. கீழ்பென்னாத்தூர் காசி, என் ஒன்னுவிட்ட தம்பி, அவனோட மூத்த பொண்ணு. வேங்கிக்கால்ல வாக்கப்பட்டு, கலெக்டர் ஆபீசுக்கு எதிர் வரிசையில கம்ப்யூட்டர் வெச்சு டைப் அடிச்சுத் தர்றா. அடிக்கும்போது மெஷினோட பேசுவா. "சொன்னா கேக்க மாட்டியாடி"ன்னு அவ அதட்டினா, மனு எழுத வந்தவங்க தங்களைத்தான் திட்டறான்னு பயந்துடுவாங்க.

போன ஆவணியில எங்க சொந்தக்காரப் பொண்ணு ரேவதி, தன் பொண்ணு காதுகுத்துக்குப் பத்திரிகை அடிக்க வந்தா.

"எங்க அண்ணன் பேரு எடுப்பா தெரியணும்க்கா. மத்த பேருங்களோட ஒட்டாம கொஞ்சம் உள்ள தள்ளிப் போடு."

மணிமொழி தள்ளிப் போட்டா. அப்புறம் எல்லாப் பேரையும் சேர்த்துச் சுத்திக் கட்டம் போட்டா. பார்த்தா, பங்காளிங்க எல்லாம் ஒரு கட்டத்துல இருக்காங்க, அண்ணன் சக்கரவர்த்தி மட்டும் கீழே தனிக்கட்டத்துல நிக்கறார்.

அந்த நேரம் பார்த்து அவரே வந்துட்டார். தாய்மாமன் மடியில உக்கார வெச்சுத்தான் எங்க ஜனத்துல காது குத்தணும். தாளை வாங்கிப் பார்த்தார்.

"என்னாம்மா, எனக்கு இப்பவே கண்ணீர் அஞ்சலி அடிச்சுட்டீங்களா?"

"இல்லண்ணா, உன்னைப் பெருமையா காட்டலாம்னு..."

"பெருமை ஜாஸ்தியாயிடுச்சு. இது ஊருக்குப் போச்சுன்னா நான் வரமாட்டேன். பங்காளிங்க மடியிலயே வெச்சுக் குத்திக்குங்க."

ரேவதி முகம் சுண்டிப் போச்சு.

"டீ குடிங்க மாமா, சரி பண்ணிடறேன்"னு மணிமொழி உக்காந்தா. கட்டத்தை அழிச்சுத் திரும்பப் போட்டா. தனிக்கட்டம் அப்படியே வந்து நின்னுச்சு. ரெட்டைக் கோடு போட்டுப் பார்த்தா.

"இப்ப எனக்கு மதிலும் எழுப்பியாச்சு"ன்னார் சக்கரவர்த்தி, டீயை உறிஞ்சிக்கிட்டே.

"ஏன்டி, இவரை மட்டும் ஏன் ஒதுக்கற?"ன்னு மெஷினைக் கேட்டா மணிமொழி. கேட்ட வாய் மூடலை, அவளுக்கே பொறி தட்டிச்சு. இவர் பேரை மட்டுந்தானே உள்ள தள்ளினோம்? அதை இழுத்து மத்தவங்க ஓரத்துக்கே கொண்டாந்தா. நடுக்கோடு மறைஞ்சு ரெண்டு கட்டமும் ஒன்னாயிடுச்சு.

"ஓரம் மாறினா இது தனிக்குடித்தனம் வெச்சுடுது மாமா."

"அப்ப எங்க அண்ணன் எடுப்பா தெரிய வேணாமா?" ரேவதி விடலை.

மணிமொழி சிரிச்சுக்கிட்டே, பேரை நடுவுல நிறுத்தற பட்டனை அமுக்கினா. கட்டம் உடையலை. எழுத்தையும் தடிமனாக்கி ஒரு தாள் எடுத்துக் கொடுத்தா.

சக்கரவர்த்தி கண்ணாடி போட்டு, விரலால கோட்டை ஒரு சுத்து சுத்தி வந்தார், கிரிவலம் போற மாதிரி. நடுவுல எங்கயும் குறுக்குக் கோடு இல்லை.

"அடிம்மா. மடி தயாரா இருக்கு. கொழந்தை அழுதா மட்டும் என்னைச் சொல்லக் கூடாது."