வெள்ளிக்கிழமைக் குல்லாய்

நம் சாமிகள் இத்தனை பேர் இருக்க, அயல்நாட்டுச் சாமி ஒன்றுக்கு நான் ஏன் பயந்தேன்?

குற்றாலத்தில் சீசனுக்குப் பக்கத்து வீட்டில் தங்கியிருந்த, மூக்கு சிவந்த ரஷ்யப் பெண்மணி எந்நேரமும் கம்பளி பின்னுவார். செங்கோட்டைத் தேயிலைத் தோட்டத்துப் பெண்களிடம் தமிழ் கற்றவர். இருமிக்கொண்டிருந்த என் மகனுக்குக் குல்லாய் பின்னியவர், இரண்டு வரிசை மிச்சமிருக்கையில், வெள்ளியன்று ஊசியைக் கீழே வைத்துவிட்டார்.

“ஏட்டி, வெள்ளிக்கிழமை நூலைத் தொட்டா மோகோஷ் கோவிப்பா.”

“அது யாரு?”

“எங்க ஊருப் பழைய சாமி. தாயையும் பிள்ளையையும் காக்குதவ.”

“சாரல் அடிக்குதே! நான் முடிச்சிருதேன்.”

“உன் பிள்ளை. யோசிச்சுக்கோ!”

எடுத்த ஊசியை வைத்துவிட்டு, மகன் தலையில் என் முந்தானையைச் சுற்றினேன். மறுநாள் அவரே முடித்துத் தந்தார். இருமலும் நின்றது.

அன்றிலிருந்து வெள்ளிக்கிழமைகளில் நான் ஊசி தொடுவதில்லை. சில வெள்ளிகளில் மகன் பொத்தான் இல்லாத சட்டையோடு பள்ளிக்கூடம் போகிறான். தாய்மார்களே, நீங்களாக இருந்தால் தைப்பீர்களா? சொல்லுங்கள்.