விழாவுக்குக் காத்திருந்த நோட்டுகள்

என் எழுத்து வரியில் நிற்காது. ஐந்தாம் வகுப்போடு நின்றவன். எந்த இடத்தில் எந்த ‘ர’ போடுவது என்று இன்றும் தடுமாறுவேன். பொறுத்துக்கொள்ளுங்கள். வாயால் சொல்லும் தைரியம் இல்லாததால் எழுதுகிறேன்.

திண்டுக்கல்லில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் நான் அலுவலக உதவியாளர். மணி அடிப்பதும் அறைகளைப் பூட்டித் திறப்பதும் என் வேலை. 2003-இல் இலங்கையில் சண்டை ஓய்ந்திருந்தது. அகதி முகாமிலிருந்து வந்து பதினொன்றாம் வகுப்பு படித்த பெண்ணொருத்தி, அங்கே சொந்த ஊரில் சித்தியோடு இருந்த தம்பியின் கடிதத்தை வகுப்பில் வாசித்தாள். அவன் பள்ளிக்குக் கூரை இல்லை, தார்ப்பாய்தான். நோட்டு கிடைக்காமல் பிஸ்கட் பெட்டி அட்டையின் உட்புறத்தில் கணக்குப் போடுகிறார்களாம்.

போன வருஷ நோட்டுகளில் மிஞ்சிய வெற்றுத் தாள்களைக் கிழித்து, ரஃப் நோட்டாகத் தைத்துக்கொள்வது எங்கள் பக்கத்து வழக்கம். அந்த வகுப்புப் பிள்ளைகள் அந்தத் தாள்களைப் பள்ளி முழுக்கக் கேட்டு வாங்கினார்கள். மதிய இடைவேளைகளில் என்னோடு உட்கார்ந்து தைத்தார்கள்.

“அண்ணே, நீங்க ஊசி கோக்குறதுக்குள்ள அங்க அடுத்த சண்டையே வந்துரும்” என்றாள் ஒருத்தி. எல்லோரும் சிரித்தோம்.

முகாமைப் பார்க்க தம்பி இருந்த ஊரின் பாதிரியார் வந்திருந்தார். வெள்ளிக்கிழமை திருச்சி போய் விமானம் ஏறுகிறவர், இரண்டு பெட்டி கொண்டுபோகச் சம்மதித்தார். தலைமையாசிரியர் குறுக்கே நின்றார். பள்ளிக்கு நன்கொடை கொடுக்கும் வேடசந்தூர்ப் பக்கத்து மில் முதலாளி ஒருவர் மேடையில் பொன்னாடை வாங்கிக்கொண்டு, தன் கையால் நோட்டுகளை எடுத்துத் தர வேண்டும். போட்டோ பிடிக்க வேண்டும் என்றார். வியாழக்கிழமை வருவதாகச் சொன்ன முதலாளி வரவில்லை. “விழா முடியாம ஒரு நோட்டு வெளிய போகக்கூடாது” என்று பெட்டிகளை ஓர் அறையில் வைத்துப் பூட்டி, என்னிடம் சாவியைக் கொடுத்துவிட்டார் தலைமையாசிரியர்.

வெள்ளிக்கிழமை மதியம் அவர் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தார். அந்தப் பெண் இரண்டு தோழிகளோடு வந்தாள்.

“அண்ணை, கதவைத் திறந்து விடுங்கோ. ஃபாதர் பஸ் ஸ்டாண்டிலை நிக்கிறார்.”

“சார் வரட்டும்மா.”

“சார் வரேக்க அவர் போயிடுவார், அண்ணை.”

தோழி ஒருத்தி குறுக்கே வந்தாள். “நீங்க பூட்ட மட்டும் தொறங்கண்ணே. நாங்க களவாண்டதாவே சொல்லிர்றோம்.”

“வேல போயிரும் தாயி” என்றேன். நிமிர்ந்து அவர்கள் முகத்தைப் பார்க்கவில்லை. அவர்களை அனுப்ப வேறு வழி தெரியாமல், பத்து நிமிஷம் முன்னதாகவே போய் மணி அடித்தேன். மணி அடித்தால் பிள்ளைகள் வகுப்புக்குப் போய்த்தானே ஆகவேண்டும். போனார்கள். பாதிரியாரும் வெறுங்கையோடு போய்விட்டார்.

மூன்று வாரம் கழித்து முதலாளி வந்தார். பொன்னாடை போட்டார்கள், போட்டோ எடுத்தார்கள். அந்தப் பெண்ணை மேடைக்குக் கூப்பிட்டார்கள், அவள் போகவில்லை. கூட்டம் கலைந்ததும் பெட்டிகளை நானே அதே அறைக்குத் தூக்கிப் போனேன். கொண்டுபோக யாரும் கிடைக்கவில்லை. பிறகு அங்கே சண்டை மறுபடி தொடங்கிவிட்டது. எங்கள் பள்ளித் தேர்வுகளுக்கு அந்தத் தாள்கள் ரஃப் தாளாயின. தையலைப் பிளேடால் பிரித்தவனும் நான்தான்.

தலைமையாசிரியர்மேல் பழியைப் போட்டுவிட்டுப் பல வருஷம் நிம்மதியாகத் தூங்கினேன். அவர் ஓய்வுபெற்றுப் போய்விட்டார். ஆனால் அன்றைக்குச் சாவி அவரிடம் இல்லை.

இப்போது அங்கே போர் முடிந்துவிட்டது என்கிறார்கள். நேற்று முன்தினம் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் வந்து, “அங்க இருக்குற பள்ளிக்கூடத்துக்கு நோட்டு சேத்து அனுப்பலாமாண்ணே?” என்று கேட்டார்கள். வழக்கம்போல நான் தலையை மட்டும் ஆட்டினேன். அவர்களிடம் சொல்லியிருக்க வேண்டியதை இங்கே எழுதுகிறேன். சேர்ப்பதைப் பள்ளியில் வைக்காதீர்கள், உங்கள் வீட்டில் வையுங்கள். கொண்டுபோகிறவர் யார், என்றைக்குக் கிளம்புகிறார் என்று முதலில் கேளுங்கள். விழாவைப் பெரியவர்கள் பிறகு நடத்திக்கொள்ளட்டும். என்னைப் போன்ற ஆளிடம் சாவியைக் கொடுக்க விடாதீர்கள். இந்தத் தாளை நாளைக்கு அவர்கள் கையில் கொடுப்பேனா என்பதும் எனக்குத் தெரியவில்லை.

14 ஜூன் 2009, ஞாயிற்றுக்கிழமை.